வரவு-செலவுத் திட்டத்தில் அயல்நாட்டு வாணிபம்

(கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவையொட்டி வியாசர்பாடியில் நடைபெற்ற கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

எனக்குரிய தலைப்பைத் தலைவர் அறிவித்தபோது உங்களுள் சிலர் புன்முறுவல் பூத்ததை நான் கவனித்தேன். வியாசர்பாடிக்கும் அயல்நாட்டு வாணிபத்திற்கும் என்ன உறவு என்று நினைத்திருப்பீர்கள். செயலாளர் இத்தலைப்பைக் கூறியபோது நானும் தயங்கவே செய்தேன். "கல்வி உதவித்தொகை பற்றிப் பேசுகிறேனே" என்றேன். "அதைப் பேசப் பலர் இருக்கிறார்கள் ஐயா, இதைப் பேச ஒருவரும் இல்லை" என்றார் அவர். அவ்வாறு ஒருவரும் இல்லாமற் போனது ஏன் என்பதுதான் அன்று முதல் என் உள்ளத்தில் சுழன்றுகொண்டிருக்கும் வினா.

என் தந்தையார் பெரியமேட்டில் ஒரு தோல் கிடங்கில் சுமைகூலியாக இருந்தவர். உப்பிட்ட பச்சைத்தோலை வண்டியிலிருந்து இறக்குவதும், ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலைக் கட்டுக்கட்டாக ஏற்றுவதும் அவர் தொழில். உப்பு தின்ற அவருடைய கைகள் கோடைக்காலத்தில் வெடித்துக் குருதி கசியும். அந்த வாடை எங்கள் வீட்டிலும், என் சட்டையிலும், என் புத்தகப் பையிலும் குடியிருந்தது. நான் படித்த பள்ளியில் அந்த வாடையைக் காரணம் காட்டி என்னைத் தனியே அமரச் செய்தவர்கள் உண்டு. அந்தப் பள்ளியின் பெயர் இப்போது எதற்கு! "இந்தத் தோலெல்லாம் எங்கே போகிறது, அப்பா?" என்று ஒருநாள் கேட்டேன். "சீமைக்கு" என்றார். இலண்டனும் சீமைதான், இத்தாலியும் சீமைதான் அவருக்கு. பிறகு, "முன்பெல்லாம் கட்டுக்கட்டாகத் துறைமுகத்துக்குப் போகும். இப்போது குறைந்துவிட்டது. தில்லியில் ஏதோ உத்தரவு போட்டார்களாம்" என்றும் சொன்னார்.

அந்த 'ஏதோ உத்தரவு' என்னவென்று நான் அறிந்துகொள்ள இருபது ஆண்டுகள் ஆயின. 1972-இல் சீதாராமையா குழு ஒரு பரிந்துரை செய்தது. அதன்படி 1973 முதல் பச்சைத்தோல் ஏற்றுமதி தடுக்கப்பட்டது. பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கும் அளவு விதிக்கப்பட்டது. தோலாக அனுப்பாமல் காலணியாகவும் பையாகவும் செய்து அனுப்பினால் நாட்டுக்கு வருவாய் மிகும், வேலையும் பெருகும் என்பது கருத்து. கருத்து நல்லதுதான். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் இராணிப்பேட்டையிலும் காலணித் தொழிற்சாலைகள் எழுந்தன. பல்லாயிரம் பெண்களுக்கு வேலை கிடைத்தது. ஆனால் அந்த ஓர் உத்தரவால் பெரியமேட்டுக் கிடங்கில் வேலை குறைந்தபோது, தம் வாழ்க்கையை மாற்றிய அந்த ஏட்டைக் கண்ணால் கண்டவர் எவரும் எங்கள் தெருவில் இல்லை.

இது புதிய கதையும் அன்று. முதல் உலகப்போரின்போது சென்னை மாகாணத்துப் பதனிட்ட தோல்தான் பிரிட்டிஷ் படைவீரர்களின் பூட்சுகளுக்கு மேல்தோலாயிற்று. போர் முடிந்தபின் 1919-இல் பச்சைத்தோல் ஏற்றுமதிக்கு 15 விழுக்காடு தீர்வை விதித்தார்கள். சில ஆண்டுகளில் அதைக் குறைத்தார்கள். ஒவ்வொரு முறையும் தோல் வணிகர் மனு எழுதினர், ஆலை முதலாளிகள் மனு எழுதினர். தோலை உரித்தவனும் ஊறவைத்தவனும் சுமந்தவனும் எழுதிய மனு எதையும் நான் படித்ததில்லை.

இனி, பணம் எங்கிருக்கிறது என்று பார்ப்போம். நம் அரசியலமைப்பின் 112-ஆம் கூறு ஆண்டு நிதிநிலை அறிக்கையைப் பற்றிக் கூறுகிறது. 113-ஆம் கூறு மானியக் கோரிக்கைகளைப் பற்றியது. அதாவது, ஒவ்வொரு துறையும் 'எனக்கு இவ்வளவு வேண்டும்' என்று மக்களவையிடம் கைநீட்டிக் கேட்க வேண்டும். விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் வரவு-செலவுத் திட்டத்தை 1947 நவம்பர் 26 அன்று அளித்தவர் கோயம்புத்தூர்க்காரரான ஆர்.கே. சண்முகம் செட்டியார் என்பதை நம் பிள்ளைகள் தேர்வுக்காக உருப்போட்டிருப்பார்கள். அந்த வரிசையில் இன்று வணிகத் துறையின் கோரிக்கை, அண்மை ஆண்டுகளில், 10-ஆம் எண்ணாக வருகிறது. அதைத் திறந்தால் தேயிலை வாரியம், காப்பி வாரியம், ரப்பர் வாரியம், நறுமணப் பொருள் வாரியம், 1972-இல் தோன்றிய கடல்சார் பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையம் என்று பெயர்கள் அணிவகுத்து நிற்கும். அயல்நாட்டுச் சந்தைகளை எட்டிப் பிடிக்கும் முயற்சிக்கென்று ஒரு திட்டம் உண்டு. வெளிநாட்டுக் கண்காட்சிகளில் நம் வணிகர் கடைவிரிக்க அதிலிருந்து உதவுகிறார்கள். தோல் பொருள்களுக்கென்றே 1984-இல் அமைந்த தோல் ஏற்றுமதிக் கழகத்தின் தலைமையகம் வேறெங்கும் இல்லை, நம் சென்னையிலேயே இருக்கிறது.

ஜெனீவாவுக்குப் போகும் பணமும் உண்டு. 1947-இல் வாணிபம், சுங்கவரி பற்றிய பொது உடன்பாட்டை ஏற்படுத்திய 23 நாடுகளுள் இந்தியாவும் ஒன்று. அதன் வழியே 1995 சனவரி 1-இல் உலக வாணிப அமைப்பு பிறந்தது. அதன் உறுப்பு நாடுகள் தத்தம் உலக வாணிபப் பங்குக்கேற்பச் சந்தா செலுத்துகின்றன. அங்கேயே 1964 முதல் பன்னாட்டு வாணிப மையம் என்றொரு நிறுவனம் இயங்குகிறது. அதன் அடிப்படைச் செலவில் பாதியை ஐக்கிய நாடுகள் அவையும், மறுபாதியை உலக வாணிப அமைப்பும் ஏற்கின்றன. ஏழை நாடுகளின் சிறு உற்பத்தியாளர்களுக்கு ஏற்றுமதி செய்யக் கற்பிப்பதே அதன் பணி. சுற்றிவளைத்துப் பார்த்தால் அந்தச் செலவிலும், நம் தெருக் கடையில் வாங்கும் சோப்புக் கட்டியின் வரியிலிருந்து ஒரு துளி சேர்ந்திருக்கிறது.

'ஜெனீவாவில் யாரோ கூடிப் பேசினால் நமக்கென்ன?' என்று கேட்கலாம். 1989-இல் ஜெர்மனி, தோலில் பூஞ்சை பிடிக்காதிருக்கச் சேர்க்கப்படும் ஒரு மருந்துப் பொருளுக்குத் தடை விதித்தது. அம்மருந்து கலந்த தோலை அங்கே இறக்க முடியாமற் போயிற்று. தமிழ்நாட்டுத் தோல் தொழில் ஆட்டங்கண்டது. மாற்று மருந்தைத் தேடவும் சோதிக்கவும் அடையாற்றிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் கைகொடுத்தது. 1948-இல் தொடங்கிய அந்நிலையமும் பொதுப்பணத்தில் நடப்பதுதான். அடுத்து, சில சாயங்களுக்குத் தடை வந்தது. 1996-இல் பாலாறு மாசுபட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் கடுமையான தீர்ப்பு வழங்கியது. இவை அனைத்திலும் முதலாளிக்கு இழப்பு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் தொட்டியில் இறங்கி நின்றவனுக்குக் கூலியும் போயிற்று, அதற்குமுன் உடல்நலமும் போயிருந்தது.

இங்கே என் தவறு ஒன்றை நான் சொல்லியாக வேண்டும்.

என்னிடம் ஒன்பதாம் வகுப்பிலும் பத்தாம் வகுப்பிலும் பயின்ற மாணவர் ஒருவர், பள்ளிப் படிப்போடு நின்று, கைப்பை தைக்கும் தொழிலைக் கற்றார். பத்தாண்டுகள் பிறரிடம் உழைத்தபின், இதே வியாசர்பாடியில் ஒரு சந்தில் ஐந்து தையல் இயந்திரங்களைப் போட்டுச் சொந்தத் தொழில் தொடங்கினார். நம் பெண்கள் ஐவர் அங்கே வேலை செய்தனர். வெளிநாட்டில் ஒரு வணிகர் சரக்குக் கேட்டார். முதலிரண்டு முறை பணம் ஒழுங்காக வந்தது. மூன்றாம் முறை, பெரிய சரக்கு. போய்ச் சேர்ந்தது, பணம் வரவில்லை. கடிதத்துக்கு விடை இல்லை, தொலைபேசியை எடுப்பார் இல்லை. வீட்டு நகை முழுவதும் அடகுக் கடைக்குச் சென்றது. ஐந்து இயந்திரங்களுள் நான்கு விலைபோயின. அவர் என்னிடம் வந்தது பணம் கேட்க அன்று. "ஆங்கிலத்தில் அழுத்தமாக ஒரு கடிதம் எழுதித் தாருங்கள் சார்" என்றுதான் கேட்டார். எழுதிக் கொடுத்தேன். என் ஆங்கிலத்திற்கும் விடை வரவில்லை.

சில நாள் கழித்து, வணிகவியல் பயின்ற நண்பர் ஒருவரிடம் இதைச் சொல்லி வருந்தினேன். "ஏற்றுமதிக் கடன் காப்புறுதி எடுக்கவில்லையா?" என்று அவர் இயல்பாகக் கேட்டார். அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது! மைய அரசு 1957-இலேயே அதற்கென்று ஒரு கழகத்தை நிறுவியிருக்கிறது. வெளிநாட்டில் வாங்கியவர் பணம் தராமல் ஏமாற்றினாலும், நொடித்துப்போனாலும், அந்நாட்டில் போர் மூண்டாலும், இழப்பின் பெரும்பகுதியை அது ஈடுசெய்யும். சிறு ஏற்றுமதியாளர்க்கென்றே தனி ஏற்பாடும் உண்டு. அதன் அலுவலகம் இந்த நகரிலேயே இருக்கிறது. 2021 செப்டம்பரில் அந்தக் கழகத்தின் மூலதனத்துக்கென 5 ஆண்டுகளில் 4,400 கோடி ரூபாய் அளிக்க மைய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 4,400 கோடியும் இதே நாட்டின் கருவூலத்துப் பணம். அதன் நிழல் என் மாணவரின் சந்துக்கு வந்து சேரவில்லை. குற்றம் கழகத்தின்மீது என்று நான் சொல்லமாட்டேன். கேட்காதவரைத் தேடி எந்த அலுவலகம் வந்திருக்கிறது? அந்த மாணவருக்கு 112-ஆம் கூறை மனப்பாடம் செய்வித்து, ஐந்து மதிப்பெண் வினாவுக்கு விடை எழுதவைத்தவன் நான். வரவு-செலவுத் திட்டத்தின் ஒரு பக்கத்தையேனும் திறந்து காட்டியவன் அல்லன்.

பாபாசாகேப் டாக்டர் அம்பேத்கர் அவர்களை நாம் சட்டமேதை என்று போற்றுகிறோம். சிலைகளில் அவர் கையில் அரசியலமைப்பு நூலையே வைக்கிறோம். அவர் முதலில் கற்றது பொருளியல் என்பதை எத்தனை பேர் நினைக்கிறோம்? 1915-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முதுகலைக்காக அவர் எழுதியது கிழக்கிந்தியக் கம்பெனியின் நிருவாகத்தையும் நிதியையும் பற்றி. 1923-இல் வெளிவந்த நூல் ரூபாயின் சிக்கலைப் பற்றி. 1925-இல் வெளிவந்தது மாகாண நிதியின் வளர்ச்சியைப் பற்றி. வரி யாரிடமிருந்து வருகிறது, யாருக்குப் போகிறது, கணக்கைப் பார்ப்பவர் யார் என்று இளமையிலேயே அவர் நுணுகி ஆராய்ந்தார். அவர் பெயரால் அரசு கலைக் கல்லூரி நிற்கும் இந்த வியாசர்பாடியில், அவர் படித்த பாடத்தை நாம் ஒதுக்கிவைத்திருக்கிறோம்.

ஆனாலும் ஒரு பக்கத்தைப் படிக்க நாம் நன்றாகவே கற்றிருக்கிறோம். 1944-இல் தொடங்கிய மேற்படிப்பு உதவித்தொகை அது. நிலுவை விழுந்தால் போராடுகிறோம், வழக்குத் தொடுக்கிறோம், நாடாளுமன்றத்தில் கேட்கச் செய்கிறோம். அந்த ஓயாத குரலின் பயனாகத்தான் 2020 டிசம்பரில் 5 ஆண்டுகளுக்கு 59,048 கோடி ரூபாய் என்று முடிவாயிற்று. அதில் 60 விழுக்காடு மைய அரசின் பங்கு. இதற்குப் பக்கத்தில் மற்றோர் எண்ணை வையுங்கள். 2025-26-ஆம் ஆண்டு வரவு-செலவுத் திட்டத்தில் ஏற்றுமதி மேம்பாட்டு இயக்கம் என்றொன்று 2,250 கோடியோடு அறிவிக்கப்பட்டது. அந்த ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்கின்மீது 50 விழுக்காடு வரை வரி விதித்தது. ஏற்றுமதியாளர் சங்கங்கள் அனைத்தும் தில்லியின் கதவைத் தட்டின. நவம்பரில் அமைச்சரவை அவ்வியக்கத்துக்கு 2030-31 வரை 25,060 கோடி என்று ஒப்புதல் தந்தது. தோல் தொழிலும் முன்னுரிமைத் தொழில்களுள் ஒன்றாகக் குறிக்கப்பட்டது. முதல் எண்ணுக்காக நாம் தெருவில் நின்றோம். இரண்டாம் எண் அறிவிக்கப்பட்ட நாளில் நம் தெருவில் அதைப் பற்றி ஒரு சொல்லும் எழவில்லை.

"முதலாளிகளுக்குக் கொடுக்கும் இந்தப் பணத்தை நிறுத்திக் கல்விக்குக் கொடு என்று கேட்கலாமே" என்று இளைஞர் ஒருவர் சென்ற வாரம் என்னிடம் வாதிட்டார். என் இளமையில் நானும் அப்படித்தான் பேசினேன். இப்போது எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அப்பணம் நின்றால் முதலில் வேலையிழப்பவர் ஆம்பூர்த் தொழிற்சாலையில் மேல்தோல் தைக்கும் நம் சகோதரிதான், முதலாளி அல்லர். நிறுத்து என்பதைவிட, கணக்குச் சொல் என்று கேட்பது வலிமையான கோரிக்கை. அரசுப் பணத்தில் வெளிநாட்டுக் கண்காட்சிக்குச் சென்றோர் எத்தனை பேர், அவர்களுள் முதல் தலைமுறையினர் எத்தனை பேர், தாழ்த்தப்பட்டோர் எத்தனை பேர்? 2011 கணக்கெடுப்பின்படி நாட்டில் நாம் 16.6 விழுக்காடு, தமிழ்நாட்டில் 20 விழுக்காடு. பல தலைமுறைகளாகத் தோலோடு வாழ்ந்து, அதன் பொருட்டே தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட மக்கள், அத்தோல் பொன்னாக மாறும் இடத்தில் எத்தனை விழுக்காடு?

மற்றொன்றும் கேட்க வேண்டும். 2025 வரவு-செலவுத் திட்டத்தில், முழுதும் பதனிட்டு முடியாத ஒருவகைத் தோலின் ஏற்றுமதிக்கு இருந்த 20 விழுக்காடு தீர்வை நீக்கப்பட்டது. அத்தோலை ஏற்றுமதி செய்யும் சிறு பதனிடுவோருக்கு இது ஆதாயம் என்றார்கள். இருக்கலாம். ஆனால் இங்கே செருப்பும் பையும் தைக்கும் சிறு தொழிலாளிக்குத் தோல் விலை ஏறுமா, 1973-இல் பெற்றதை மெல்ல மெல்ல இழக்கிறோமா என்னும் வினாவை எழுப்ப நம் தரப்பில் ஆளில்லை. அதே திட்டத்தில் காலணி, தோல் துறையில் 22 இலட்சம் பேருக்கு வேலை என்றும் கூறப்பட்டது. அந்த 22 இலட்சத்தை எண்ணிப் பார்க்கப் போவது யார்?

நம் வியாசர்பாடிப் பிள்ளைகளுக்குக் கால்பந்து என்றால் உயிர். நீங்கள் உதைக்கும் பந்து எங்கிருந்து வருகிறது தெரியுமா, தம்பிமார்களே? பெரும்பாலும் பஞ்சாபின் ஜலந்தரிலிருந்தும், உத்தரப் பிரதேசத்தின் மீரட்டிலிருந்தும். ஜலந்தரில் பூட்டா மண்டி என்றொரு பகுதி உண்டு. அங்கு வாழ்பவர்கள் நம்மைப் போலத் தோல் தொழிலால் ஒதுக்கப்பட்டவர்கள். ஆனால் அவர்களுள் சிலர் கூலியாக மட்டும் நிற்கவில்லை. தோல் வணிகத்தையே தம் கையில் எடுத்துக்கொண்டனர். 1926-இல் பஞ்சாபில் எழுந்த ஆதி தருமம் இயக்கத்துக்குப் பூட்டா மண்டி வணிகரின் பொருளுதவி பெருந்துணையாயிற்று. அவ்வணிகருள் ஒருவரான சேட் கிஷன் தாஸ் 1937-இல் சட்டமன்றத்துக்கே தேர்ந்தெடுக்கப்பட்டார். 1951-இல் பாபாசாகேப் அங்கு சென்று பேசினார். வணிகம் கைவந்த இடத்தில் இயக்கமும் பள்ளியும் தம் காலில் நின்றன. பெரியமேட்டுக்கும் பூட்டா மண்டிக்கும் உள்ள இந்த வேறுபாட்டை எண்ணி நான் பலமுறை பெருமூச்செறிந்திருக்கிறேன்.

இன்று வழிகள் முற்றிலும் அடைபட்டிருக்கவில்லை. இறக்குமதி ஏற்றுமதிக் குறியீட்டு எண் பெற 500 ரூபாய்தான் கட்டணம். 2016 அக்டோபரில் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் தொழில் முனைவோருக்கான தேசிய மையம் தொடங்கப்பட்டது. ஏற்றுமதிக் கழகங்களில் உறுப்பினராகச் செலுத்தும் கட்டணத்தில் ஒரு பகுதியைத் திரும்பப் பெற அது வழிசெய்துள்ளது. 2023-இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 விழுக்காடு மூலதன மானியமும், கடன் வட்டியில் 6 விழுக்காடு சலுகையும் உண்டு. ஏற்றுமதிக் கழகத்தில் பதிவுபெற்ற உறுப்பினர் அல்லாதார்க்கு வாணிபத் துறையின் உதவிகள் பல கிட்டா என்பதையும் நினைவில் வையுங்கள். என் மாணவர் உறுப்பினர் அல்லர். உறுப்பினர் ஆகலாம் என்று அவரிடம் சொன்னவரும் இல்லை.

மைய அரசின் வரவு-செலவு ஏடுகள் அனைத்தும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. உங்கள் சட்டைப்பைக்குள் இருக்கும் கைப்பேசியிலேயே திறக்கலாம். ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருக்கின்றன, தமிழில் இல்லை. இதுவும் நாம் கேட்க வேண்டிய ஒன்றே. ஒவ்வோர் இனத்துக்கும் நேரே சென்ற ஆண்டின் மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, அதற்கு முந்தைய ஆண்டில் உண்மையில் செலவானது, வரும் ஆண்டின் மதிப்பீடு என்று எண்கள் நிற்கும். உண்மையில் செலவான எண்ணை முதலில் பாருங்கள். மாணவன் எழுதுவேன் என்று சொன்னதற்கு நாம் மதிப்பெண் போடுவதில்லை அல்லவா? செலவின விவரத் தொகுப்பில் 10ஏ என்று ஓர் அறிக்கை உண்டு. தாழ்த்தப்பட்டோர் நலனுக்கென ஒவ்வொரு துறையும் ஒதுக்கிய தொகையை அது காட்டும். 1979-இல் தொடங்கிய சிறப்புக் கூறுத் திட்டத்தின் இன்றைய வடிவம் அது. அதில் வணிகத் துறைக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்று தேடுங்கள். இவ்வளவு பெரிய கோரிக்கைகளுள் பலவற்றை மக்களவை விவாதமே இன்றி, காலம் போதாமையால், ஒட்டுமொத்தமாக ஒரே நாளில் நிறைவேற்றிவிடுவது வழக்கம். அதற்குமுன் நாடாளுமன்ற நிலைக்குழு உட்கார்ந்து ஆராயும். மனு எழுத வேண்டிய காலம் அதுவே.

கழகச் செயலாளரிடம் ஒரு வேண்டுகோள் வைத்தேன், ஏற்றுக்கொண்டார். வரும் ஞாயிறு முதல் நான்கு ஞாயிறுகள், மாலை 5 மணிக்கு, இரவுப் பள்ளிக் கட்டடத்தில் 10-ஆம் எண் கோரிக்கையை வரி வரியாகப் படிக்கப் போகிறோம். ஆங்கிலம் அறிந்த கல்லூரி மாணவர்கள் தமிழில் எழுதித் தர முன்வந்திருக்கிறார்கள். மூன்றாம் ஞாயிறன்று, நான் குறிப்பிட்ட என் மாணவரே வந்து, தம் கணக்கேட்டையும், விடை வராத கடிதங்களையும் நம் முன் வைக்கப் போகிறார். ஒரே ஓர் இயந்திரத்தோடு மீண்டும் தைக்கத் தொடங்கியிருக்கிறார் அவர். தொழில் செய்யும் சகோதரிகள் தங்கள் இரசீதுகளைக் கொண்டுவரலாம். எழுதுகோலும் கோடு போட்ட ஏடும் போதும், கட்டணம் எதுவும் இல்லை.